திருகோணமலை வெக்கைக்கு எந்த சிபியு கூலர்? பூட்டும் கஷ்டத்தையும் சேர்த்து ஓர் ஒப்பீடு

"அண்ணா, சிபியு வைச்சாச்சு, ரேமும் போட்டாச்சு, கூலர் மட்டும் பூட்டுப்படுதில்லை" என்று படத்தோடு வருகிற கேள்வி ஒரு வகை. "பெட்டிக்குள்ள வாற கூலர் காணுமா, டவர் எடுக்கவா, தண்ணிக் கூலர் எடுக்கவா?" என்று வாங்க முதல் வருகிற கேள்வி இன்னொரு வகை. முதலாவதைக் கேட்கிறவர்களில் பலர் இரண்டாவதைக் கேட்காமல் காசு கட்டியவர்கள். கணினியின் மூளையான சிபியுவின் சூட்டை இறக்கும் கூலரை வெப்பநிலை வரைபடம் பார்த்து வாங்குகிறோம். அது நம்மை வருத்துவதோ பூட்டுகிற நேரத்தில். உள்ளே போக மறுக்கும் பிளாஸ்டிக் கால், பின்பக்கம் கழன்று விழும் தகடு, மூன்று மில்லிமீட்டரால் மூடாமல் நிற்கும் கேசிங் கதவு என்று அது ஒரு தனி உலகம்.

நான் இந்த ஒப்பீட்டில் பூட்டும் முறையை முதலில் வைக்கிறேன். வெப்பநிலை இரண்டாவது. கொழும்பில் இருப்பவர் இதைத் தலைகீழாக வைத்தாலும் சரிதான். ஒரு கால் முறிந்தால் கணினிக் கடைகள் உள்ள பம்பலப்பிட்டிக்கு பஸ் ஏறி மாலைக்குள் புதியதோடு வந்துவிடுவார். நாங்கள் இருப்பது 250 கிலோமீட்டருக்கு அப்பால், திருகோணமலையில்.

## எதை வைத்து நிறுப்பது

கழற்றிப் பூட்டும் வசதி. கூலர் ஒருமுறை பூட்டி மறந்துவிடுகிற சாமான் அல்ல. சிபியுவுக்கும் கூலருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் காய்கிறது, தூசி அடைகிறது, ரேம் மாற்றவோ மதர்போர்டை வெளியே எடுக்கவோ வேண்டி வருகிறது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க முதல் உங்களையே கேட்க வேண்டியது, "இதை நானே கழற்றி நானே திரும்பப் பூட்டுவேனா?" என்பதுதான்.

வெக்கை. காற்றாலோ தண்ணீராலோ குளிர்த்தும் எந்தக் கூலரும் சிபியுவை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறை வெப்பத்தின் மேல் எத்தனை பாகை ஏறுகிறது என்பதில் மட்டும்தான் அவை ஒன்றுக்கொன்று வேறுபடும். யூடியூபில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை அறையில் நடப்பவை. கச்சான் வீசும் மே, ஜூன், ஜூலையில் நமது பகல் 34, 35 பாகைக்குப் போகும். சீற் கூரை வீட்டில் அதற்கும் கூட. வெளிநாட்டுச் சோதனையில் 75 பாகை காட்டிய சிபியு இங்கே பாலையூற்றில் ஒரு மதியத்தில் 85க்கு மேல் நிற்கும். வாங்குகிற எதற்கும் இந்தப் பத்துப் பாகையைக் கூட்டிப் பாருங்கள்.

இடம். கேசிங் எவ்வளவு உயரக் கூலரைத் தாங்கும், ரேம் எவ்வளவு உயரம், மதர்போர்டில் மின்சாரப் பகுதியின் மேல் இருக்கும் உலோகக் கட்டை எங்கே நிற்கிறது. இந்த மூன்றையும் அளக்காமல் வாங்குவது சூதாட்டம்.

உப்புக் காற்று. கடலோரமான டைக் வீதியிலோ திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ வீடு என்றால் இது கற்பனைப் பயம் அல்ல. வெறும் அலுமினியத் தகடுகளில் காலப்போக்கில் வெள்ளைப் பூப்புப் படியும். இரும்புக் கம்பிக் கொளுக்கிகள் துருப்பிடிக்கும். நிக்கல் பூசிய செம்பும் கறுப்புப் பூச்சுப் பூசிய தகடுகளும் கொஞ்சம் கூடத் தாங்கும்.

பழுதானால் என்ன நடக்கும். வேலையே நின்றுபோகுமா, அல்லது கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை எப்படியாவது ஓட்டலாமா?

விலையை ரூபாயில் நான் சொல்லவில்லை. டொலரோடு அது ஏறி இறங்குகிறது. நான் இன்று எழுதும் தொகை நீங்கள் வாசிக்கும்போது பொய்யாகியிருக்கும். வரிசை மட்டும் மாறாது: பெட்டிக் கூலர், ஒற்றை டவர், இரட்டை டவர், தண்ணீர்க் கூலர்.

## 1. பெட்டியோடு வரும் கூலர்

இலவசம் என்று நினைக்கிறோம். சிபியு விலைக்குள் அது சேர்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், எல்லாப் பெட்டியிலும் அது இருக்காது. இன்டெலில் பெயரின் முடிவில் கே எழுத்து உள்ளவற்றோடு கூலர் வராது. ஏஎம்டியில் ரைசன் 5 5600, ரைசன் 5 7600 இரண்டோடும் ரெய்த் ஸ்டெல்த் என்ற கூலர் வரும். 5800எக்ஸ், 7600எக்ஸ் போன்றவற்றோடு வராது. "ட்ரே" என்று மலிவாக விற்கப்படும் சிபியுவில் பெட்டியும் இல்லை, கூலரும் இல்லை. அந்த மலிவிலிருந்து ஒரு கூலரின் விலையைக் கழித்துப் பார்த்தால் லாபம் பல சமயம் கரைந்துபோகும்.

இன்டெல் கூலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்கு வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான். 2004இல் எல்ஜிஏ 775 என்ற சொக்கெட்டோடு (மதர்போர்டில் சிபியு உட்காரும் இடம்) வந்த நான்கு பிளாஸ்டிக் கால் அமைப்பு, 12ஆம் தலைமுறை சிபியுக்களோடு வந்த லாமினார் ஆர்எம்1 கூலர் வரைக்கும் தொடர்கிறது. ஒவ்வொரு காலும் இரண்டு துண்டு: நுனி பிளந்த ஒரு வெளிக்குழல், அதற்குள் இறங்கும் ஓர் ஆணி. குழல் மதர்போர்டின் துளைக்குள் போகும். மேலிருந்து அமுக்கும்போது ஆணி அதற்குள் இறங்கி, பிளந்த நுனியை விரித்துப் பிடித்துக்கொள்ளும். யோசனை நல்லதுதான். பிழைக்கும் வழிகள்தான் கூட.

முதலாவது, தலையில் உள்ள அம்புக்குறி. அது கழற்றும் திசையைக் காட்டுகிறது. பூட்டத்தான் அந்தத் திசை என்று நினைத்துத் திருப்பிவிட்டு அமுக்கினால் கால் பிடிக்காது. பூட்டும்போது நான்கு தலைகளும் அம்புக்கு எதிர்ப்பக்கம் முழுதாகத் திரும்பி, மேலே இழுக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மதர்போர்டை மேசையில் தட்டையாக வைத்து அமுக்குவது. கால் நுனி போர்டுக்குக் கீழே சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு வர வேண்டும். மேசை தடுத்தால் எங்கே போகும்? பலத்தைக் கூட்டக் கூட்டக் குழல் வளைந்து, அடுத்த தடவை துளைக்குள்ளேயே போகாது. மதர்போர்ட் பெட்டிக்குள் வரும் மெத்தைப் பஞ்சின் மேல் வைத்தால் நுனி இறங்க இடம் இருக்கும்.

மூன்றாவது, பக்கத்துப் பக்கத்துக் கால்களை அமுக்குவது. கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் கிளம்பும். அடியில் ஏற்கெனவே பூசி வந்த பேஸ்ட் ஒரு மூலைக்கு வழித்துக்கொண்டு போய்விடும். குறுக்கு மூலைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு பெருவிரலாலும் அமுக்கி, பிறகு மற்ற இரண்டு.

'கிளிக்' சத்தம் கேட்டது என்பதை நம்ப வேண்டாம். போர்டைத் திருப்பிப் பாருங்கள். நான்கு துளையிலும் விரிந்த குழல் நுனியும் அதன் நடுவே ஆணியும் தெரிய வேண்டும். போர்ட் ஏற்கெனவே கேசிங்குக்குள் இருந்தால், பின் தகட்டில் சொக்கெட்டுக்கு நேரே வெட்டிய ஜன்னல் வழியாக டோர்ச் அடித்துப் பார்க்கலாம்.

ஏஎம்டியின் ரெய்த் ஸ்டெல்த் இந்தத் தலைவலி இல்லாதது. நான்கு ஸ்பிரிங் ஸ்குரூ, அவ்வளவுதான். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. மதர்போர்டில் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகள் இரண்டையும் முதலில் கழற்ற வேண்டும். ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய சொக்கெட்) போர்டில் அவற்றைக் கழற்றியதும் பின்னால் இருக்கும் உலோகத் தகடு பிடிமானம் இழந்து விழும். கேசிங்குக்குள் வைத்துக் கழற்றினால் அது உள்ளே எங்கோ போய்ச் சத்தம் போடும். ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டில் அந்தத் தகடு சொக்கெட்டோடே பிணைந்திருப்பதால் விழாது.

பாவித்த ஏஎம்4 போர்ட் வாங்குகிறவர்கள் இந்தத் தகடும் தாங்கிகளும் இருக்கின்றனவா என்று காசு கொடுக்க முதல் பார்க்கவும். அந்தத் தகடு இல்லாவிட்டால் பெட்டிக் கூலரும் பூட்ட முடியாது, வெளிக் கூலர்களில் பலவும் பூட்ட முடியாது. தனியாகத் தேடினால் ஊரில் கிடைப்பது அரிது.

கழற்றும்போதும் ஏஎம்4 ஒரு வேலை காட்டும். பேஸ்ட் இறுகி, கூலரை நேரே மேலே இழுத்தால் சிபியுவும் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சூடு ஆறமுதல் கூலரை இடம் வலமாக மெல்லத் திருகியபின் தூக்குங்கள்.

வெக்கைக்குத் தாங்குமா? ரைசன் 5 5600 இழுப்பது 76 வாட் வரைதான். ஐ3-12100, ஐ5-12400 போன்றவையும் பாடம், அலுவலகம், சாதாரண விளையாட்டு எல்லாவற்றுக்கும் பெட்டிக் கூலரோடு ஓடும். மதியத்தில் ஃபேன் சத்தம் கேட்கும், பரவாயில்லை என்பவர்களுக்கு இது போதும். ஆனால் ஐ7-12700இன் பெட்டியிலும் இதே ஆர்எம்1 தான் வருகிறது. அந்த சிபியுவின் அடிப்படை 65 வாட் என்று எழுதியிருக்கும். உச்சத்தில் 180 வாட் வரை இழுக்க விட்டிருக்கிறார்கள். 13700 என்றால் 219 வாட். அந்தச் சின்ன அலுமினிய வட்டத்தால் நமது ஜூன் மாதத்தில் அதைச் சமாளிக்க முடியாது. சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்த வேகம் உங்களுக்குக் கிடைக்காது. பெட்டிக் கூலரின் மறைந்த செலவு இதுதான். இன்னொன்று, சில தடவை கழற்றிப் பூட்டியதும் அந்தப் பிளாஸ்டிக் கால்கள் களைத்துப்போகும்.

## 2. ஒற்றை டவர்

டீப்கூல் ஏகே400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212, தேர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 என்று இங்கே அதிகம் பேசப்படுகிறவை. நாலைந்து செம்புக் குழாய், ஒரு தகட்டு அடுக்கு, 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று.

என் கணக்கில் நமது ஊருக்கு அதிகம் பொருந்துவது இந்த வகை. காரணம் வெப்பநிலை அல்ல, ஸ்குரூ. இன்டெல் போர்டுக்குப் பின்தகடு கூலர் பெட்டிக்குள்ளேயே வருகிறது. ஏஎம்டி என்றால் பல மாதிரிகள் போர்டின் சொந்தத் தகட்டைப் பயன்படுத்துகின்றன. உலோகத்தில் உலோகம் இறங்குகிறது. பத்துத் தடவை கழற்றினாலும் அதே இறுக்கம். ஃபேன் பழுதானால் கூலரைத் தொடாமல் ஃபேனை மட்டும் மாற்றலாம்; 120 மில்லிமீட்டர் ஃபேன் ஊரிலேயே கிடைக்கும். ஃபேன் நின்ற நிலையில்கூட அந்தத் தகட்டு அடுக்கு மெல்லிய வேலைகளுக்குக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

பூட்டுவதில் சிக்கல் இல்லை என்று சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தால் இன்டெலுக்கும் ஏஎம்டிக்குமாக நான்கு சிறு பைகளில் ஸ்குரூக்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் அங்கேயே குழப்பம் ஆரம்பம். இன்டெலின் எல்ஜிஏ 1200 வரை துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 1700இல் 78. துளைதான் மாறியது என்றால் கண்ணுக்குத் தெரியும். சிபியுவின் உயரமும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பழைய சொக்கெட்டுக்குரிய உயரமான தாங்கியைப் புதியதில் போட்டுவிட்டால் ஸ்குரூ எல்லாம் இறுகும், கூலர் அசையாது, ஆனால் சிபியுவை ஒழுங்காகத் தொடாது. ஓடவிட்டால் உடனே 100 பாகை. "கூலர் பழுது" என்று வரும் கதைகளில் சில இதுதான். பழைய கணினியின் டவரைப் புதிய போர்டில் போட நினைப்பவர்கள், அதற்கு எல்ஜிஏ 1700 பொருத்துபாகம் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்ஜிஏ 1851 அதே 78 மில்லிமீட்டர் என்பதால் அதற்குத் தனிக் கவலை இல்லை.

ஒழுங்கு முக்கியம். மதர்போர்ட் கேசிங்குக்கு வெளியே இருக்கும்போதே பின்தகடு, தாங்கி, கூலர் எல்லாம் முடித்துவிடுங்கள். கேசிங் சிறியது என்றால், மேல் இடது மூலையில் போகும் சிபியு மின்கம்பியை முன்கூட்டியே செருகக்கூடிய விதமாக இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். டவர் ஏறியபின் அந்த மூலைக்கு விரல் போகாது. அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தை உரியுங்கள். பேஸ்ட் நடுவில் ஒரு கடலை அளவு. ஸ்குரூக்களைக் குறுக்கு மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள்; ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் மறுமுனை நூல் பிடிக்காது. ஸ்குரூ தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள், அதற்குமேல் வீரம் வேண்டாம்.

ஃபேனைப் பிடிக்கும் கம்பிக் கொளுக்கி பலரைப் பதறவைக்கும். ஒருபக்கத்தை ஃபேன் துளையில் கொளுவி, மறுமுனையைத் தகட்டு விளிம்புக்கு இழுத்து விட வேண்டும். கை வழுக்கி மதர்போர்டில் கீறல் விழாமல் போர்டின் மேல் ஒரு மட்டையை வைத்துக்கொள்வது நல்லது. காற்று முன்னிருந்து பின்னுக்குப் போகும் திசையில் ஃபேன் இருக்க வேண்டும். ஃபேனில் நடுப்பகுதியைத் தாங்கும் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

உயரம்: ஏகே400 155 மில்லிமீட்டர், ஹைப்பர் 212 வகைகள் 158 அளவில். ஒடுங்கிய மலிவுக் கேசிங்குகளில் கதவு மூடாது. ரேமில் விளக்குப் போட்ட உயரமான துண்டுகள் என்றால் ஃபேனை மேலே தூக்க வேண்டிவரும். தூக்கினால் உயரமும் கூடும். கேசிங் விபரத்தில் "கூலர் உயரம்" என்ற எண்ணைப் பார்த்து, அதில் ஐந்து மில்லிமீட்டரைக் கழித்துவிட்டு வாங்குங்கள்.

மறைந்த செலவு பெரிதாக இல்லை. கேசிங் மாற்றவேண்டி வந்தால்தான் செலவு.

## 3. இரட்டை டவர்

தேர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வந்தபின் இந்த வகையின் விலை இறங்கிவிட்டது. பல தண்ணீர்க் கூலர்களோடு தோளுக்குத் தோள் நிற்கிறது. கலியாண வீடியோ எடிட் செய்து மணிக்கணக்காக ரெண்டர் போடுகிறவர், ஐ7 அல்லது ரைசன் 7, 9 வைத்திருக்கிறவர் ஒற்றை டவரைத் தாண்டி இங்கே வரலாம்.

பூட்டும் முறை ஒற்றை டவரைப் போலத்தான், கை போக இடம் மட்டும் இல்லை. நடு ஃபேனைக் கழற்றிவிட்டு இரண்டு அடுக்குக்கும் இடையால் நீண்ட, காந்த நுனி ஸ்குரூ டிரைவரை இறக்க வேண்டும். குட்டை டிரைவர் வைத்திருப்பவர் வாங்கவேண்டிய முதல் சாமான் அதுதான். முன் ஃபேன் ரேமின் மேல் படியும். சிறிய போர்டில் கிராபிக்ஸ் கார்டின் பூட்டுக் கொளுக்கிக்கு விரல் போகாமல் ஒரு பிளாஸ்டிக் குச்சியால் தள்ள வேண்டிவரும்.

பாரத்தையும் யோசியுங்கள். நொக்டுவா என்எச்-டி15 ஃபேன்களோடு 1.3 கிலோவுக்கு வரும். கொழும்பில் முழுக் கணினியாகக் கட்டுவித்து பஸ்ஸிலோ லொறியிலோ பார்சலாக எடுப்பித்தால், ஹபரணைக்கு இப்பால் ஒவ்வொரு குலுக்கலும் மதர்போர்டைத்தான் இழுக்கும். கூலரைத் தனியாகக் கழற்றி அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கேசிங்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மதர்போர்ட் தட்டையாகவும் டவர் நேரே மேல்நோக்கியும் இருக்கும்படி கொண்டுவர வேண்டும். கடைசியில் கூலரை நீங்களே பூட்டத்தான் வேண்டும் என்பதால், பூட்டப் பழகாமல் இந்த வகையை வாங்குவதில் பிரயோசனம் இல்லை.

## 4. தண்ணீர்க் கூலர்

கண்ணாடிக் கேசிங்குக்குள் விளக்கோடு பார்க்க வடிவுதான், மறுக்கவில்லை. 240, 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடு, அடைத்து முத்திரையிட்டு வருகிறது. 13700கே, 14700கே போல 253 வாட் வரை இழுக்கும் சிபியுவை மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓட்டுகிறவருக்கு 360 ரேடியேட்டர் உண்மையிலேயே உதவும். இங்கேயும் அறை வெப்பக் கணக்கு அப்படியேதான். தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டு ஏசி போல நினைக்க வேண்டாம்.

சிபியுவின் மேல் பூட்டும் பகுதி டவரைவிடச் சின்னது, இலகு. கஷ்டம் ரேடியேட்டரில். 27 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் ஃபேனும் சேர்ந்து 52. கேசிங்கின் மேற்கூரைக்கும் மதர்போர்டுக்கும் இடையில் அந்த 52 இருக்கிறதா? ரேம் இடிக்குமா? முன்பக்கம் பூட்டினால் கிராபிக்ஸ் கார்டின் நீளம் இடம் விடுமா? இவை எல்லாம் பூட்டத் தொடங்கியபின் தெரியவருகிற கேள்விகள் ஆகிவிடுகின்றன.

பம்ப் மொத்தச் சுற்றின் உச்சியில் இருக்கக் கூடாது. உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரத்துக்குத்தான் போகும். ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட மேலே இருந்தால் காற்று ரேடியேட்டரில் தங்கும். கீழே அடித்தளத்தில் ரேடியேட்டரைப் பூட்டினால் காற்று பம்புக்குள் வந்து கடகடவென்று சத்தம் போடும், பம்பின் ஆயுளும் குறையும். பிறகு கம்பிகள்: பம்புக்கு ஒன்று, ஃபேன்களுக்கு இரண்டு மூன்று, விளக்குக்கு ஒன்று, சில மாதிரிகளில் யுஎஸ்பி ஒன்று. எதை எங்கே செருகுவது என்பதே அரைநாள் வேலை.

மறைந்த செலவு இந்த வகையில்தான் அதிகம். பம்ப் நின்றால் சிபியு நிமிடக் கணக்கில் சூடேறித் தன்னை நிறுத்திக்கொள்ளும். டவரில் ஃபேன் நின்றதுபோல இழுத்துப் பறித்து ஓட்ட முடியாது. பம்பை மட்டும் மாற்ற முடியாது. ரப்பர்க் குழாய் வழியே தண்ணீர் வருடக்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே போகும்; பெரும்பாலானவற்றில் நிரப்ப வழியும் இல்லை. வொரண்டி இருந்தாலும், கழற்றி, பார்சல் போட்டு, கொழும்பில் பரிசோதித்து, திரும்பி வரும்வரை கணினி சும்மா இருக்கும். அந்த நாட்களுக்கு ஒரு மலிவுக் கூலரைக் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்றால், அதன் விலையையும் தண்ணீர்க் கூலரின் கணக்கிலேயே எழுதுங்கள். ரேடியேட்டரின் தகடுகள் டவரின் தகடுகளைவிட நெருக்கமானவை. கடற்கரைப் பக்க வீட்டில் உப்பும் தூசியும் சேர்ந்து அடைத்தால் சுத்தம் செய்வதும் கடினம்.

## ஒரே பார்வையில்

| | பெட்டிக் கூலர் | ஒற்றை டவர் | இரட்டை டவர் | தண்ணீர்க் கூலர் |
|---|---|---|---|---|
| பூட்டுவது | இன்டெல்: கால் தொல்லை; ஏஎம்டி: இலகு | நடுத்தரம், பொறுமை வேண்டும் | இட நெருக்கடி, நீண்ட டிரைவர் | சிபியு பக்கம் இலகு, ரேடியேட்டர் கடினம் |
| திரும்பக் கழற்றிப் பூட்டல் | இன்டெல் கால்கள் களைக்கும் | எத்தனை தடவையும் | எத்தனை தடவையும் | பெரிய வேலை |
| ஜூன் மதிய வெக்கை | 65 வாட் சிபியுவுக்குச் சத்தத்தோடு | நடுத்தர சிபியுக்களுக்கு நிம்மதி | ஐ7, ரைசன் 7, 9 | உச்ச சிபியு, நீண்ட வேலை |
| கேசிங் கவலை | இல்லை | உயரம் | உயரம், ரேம் | மேல், முன் இடம் |
| பழுதானால் | முழுதாக மாற்று | ஃபேன் மட்டும் | ஃபேன் மட்டும் | முழுதாக மாற்று, கணினி நிற்கும் |
| உப்புக் காற்று | சின்னது, துடைக்க இலகு | தூரிகையால் துடைக்கலாம் | இடைவெளி எட்டாது | தகடுகள் அடைபடும் |

## யாருக்கு எது

ஏ/எல் படிக்கும் பிள்ளைக்கு, அல்லது ஃபோட்டோக் கொப்பியும் டைப்பிங்கும் செய்யும் கொமியூனிகேஷன் கடைக்கு ஐ3, ஐ5-12400, ரைசன் 5 5600 எடுக்கிறீர்கள் என்றால் பெட்டிக் கூலரோடு நில்லுங்கள். மிச்சக் காசை யூபிஎஸ்ஸில் போடுங்கள், அதுதான் இங்கே கூட உதவும்.

விளையாட்டு, கொஞ்சம் எடிட்டிங், பின்னேரம் முழுக்க ஓடும் கணினி என்றால் ஒற்றை டவர். இன்டெல் கால் ஏற்கெனவே முறிந்தவருக்கும் இதே பதில். அதே பெட்டிக் கூலரை இரண்டாம் கையாகத் தேடி அலைவதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து டவர் வாங்குவது மேல்.

இரட்டை டவர், சிபியுவால் பிழைப்பு நடத்துகிறவருக்கு. ஐ7 கே வகை எடுத்துவிட்டு "360 தண்ணீர்க் கூலர் இல்லாமல் முடியாதாம்" என்று வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பயோசில் (விண்டோசுக்கு முதல் வரும் அமைப்புத் திரை) மின் உச்சவரம்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டு இரட்டை டவரில் ஓட்டிப் பாருங்கள். கடைசி ஐம்பது வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மிகச் சொற்பம், அதற்குரிய சூடு மிக அதிகம்.

தண்ணீர்க் கூலரை ஏசி அறையில், இடமுள்ள கேசிங்கில், பழுதானால் ஒரு கிழமை காத்திருக்கக்கூடியவர் வாங்கலாம். ஆசைக்கு வாங்குவதும் தப்பில்லை. ஆசை என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் டெல், எச்பி கணினி வாங்கியவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் நேராகப் பொருந்தாது. அவற்றின் பின்தகடு, துளை, ஃபேன் கொனெக்டர் எல்லாம் அந்தந்த நிறுவனத்துக்கே உரியதாக இருக்கக்கூடும். வெளிக் கூலர் தேடாமல், உள்ளதைக் கழற்றித் துடைத்துப் பேஸ்ட் மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

## கடையில் பூட்டித் தருவார்களே?

தருவார்கள், பல இடங்களில் சாமானோடு சேர்த்தே செய்துகொடுப்பார்கள். முதல் தடவைக்கு அது நல்ல வழி. பக்கத்தில் நின்று பாருங்கள். மூலைக்கு மூலை இறுக்குகிறாரா, படலத்தை உரித்தாரா என்று கவனியுங்கள். மிஞ்சிய ஸ்குரூப் பைகளையும் பழைய ஏஎம்டி தாங்கிகளையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த சிபியு மாற்றும்போது அவை இல்லாமல்தான் எல்லோரும் முழிக்கிறார்கள். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வந்து எடுத்துப் போகிறவர்கள், கணினியைக் கடையிலேயே அரை மணிநேரம் ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில் நீங்களே பூட்டியிருந்தால், முதல் தடவை போட்டதும் விண்டோசுக்குப் போகாமல் பயோசுக்குள் போய் சிபியு வெப்பநிலையைப் பாருங்கள். "சிபியு ஃபேன் எரர்" என்று வந்தால் ஃபேன் கம்பி வேறு இடத்தில் செருகப்பட்டிருக்கிறது. சிபியு ஃபேன் என்று எழுதிய நான்கு ஊசி இடத்துக்கு மாற்றுங்கள். நமது வெக்கையில் 40க்கும் 55க்கும் இடையில் நின்றால் பயமில்லை. ஒரு நிமிடத்துக்குள் 80, 90 என்று ஏறினால் உடனே நிறுத்துங்கள். அது வெக்கை அல்ல, கூலர் சிபியுவைத் தொடவில்லை. கழற்றிப் பேஸ்டின் அச்சைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் ஒரு கால் அல்லது ஸ்குரூ பிடிக்கவில்லை. அமுங்கவே இல்லை என்றால் தாங்கி உயரம் பிழை, அல்லது படலம் இன்னும் ஒட்டியிருக்கிறது. திரும்பப் பூட்ட முதல், பாமசியில் கிடைக்கும் அற்ககோல் துடைப்பானால் இரண்டு பக்கத்தையும் துடைத்துப் புதுப் பேஸ்ட் போடுங்கள். அமுங்கிய பழைய பேஸ்டின் மேலேயே வைத்தால் இடையில் காற்று அடைபட்டு நிற்கும்.